மூன்று நாள் பட்டினியில் இறங்கிய சீனி

கீழ்ப்பிரிவு,
வெள்ளக்கந்தை தோட்டம்,
பெரகல.
16.02.2025

அன்பு மகள் துஷாந்தினிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அதுதான் முறை. இந்தத் தடவை அந்த வரியை எழுதாமல் விடுகிறேன், ஏன் என்று முழுவதும் படித்தால் தெரியும், நடுவில் நிறுத்திவிட்டுப் போனை எடுக்காதே. போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பேன். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியில் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவேன், என் குணம் உனக்குத் தெரியாததா. உன் கம்பனியில் வேலை செய்யும் பண்டாரவளை நப்ரீஸ் தம்பி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்புகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். கம்பனி மெடிக்கலில் உனக்கும் சீனி கூடியிருக்கிறதாம், உடம்பில் இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்கு மசியவில்லை என்று அங்குள்ள டொக்டர் சொன்னாராம், மாத்திரை தந்தாராம், நீ அதை அலுமாரியில் போட்டு வைத்துவிட்டாயாம். அம்மாவுக்கு எண்ணெயிலேயே இறங்கிவிட்டது, எனக்கும் இறங்கிவிடும், முப்பத்தொரு வயதில் எதற்கு மாத்திரை என்று கேட்டாய். இந்தக் கடிதம் அதற்காகத்தான் மகளே. அந்த மாத்திரையை நீ போட வேண்டும். உங்கம்மாவுக்கு அந்த எண்ணெயால் சீனி இறங்கவில்லை. இறங்கியது என்று மாதாமாதம் உனக்குச் சொன்னவன் நான், தெரிந்தே சொன்னேன்.

முதலில் இருந்து வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ முதல் தடவை சோள எண்ணெய் அனுப்பினாய். பிறகு உன்னோடு கேண்டீனில் வேலை செய்யும் மலையாளத்து அக்கா சொன்னார் என்று தவிட்டு எண்ணெய் அனுப்பத் தொடங்கினாய், அரிசித் தவிட்டில் பிழிகிற எண்ணெய், சீனி வருத்தக்காரர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறதாம் என்று. அன்றைக்கு நான் கேலி பண்ணினேன், பதினேழு வருஷம் நம் மாட்டுக்குத் தவிடு வைத்தோம், அதுக்குச் சீனி வந்ததே இல்லை, ஆகையால் உன் பேச்சு உண்மையாகத்தான் இருக்கும் என்று. நீயும் சிரித்தாய். ஆனால் நீ தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாய், வீட்டில் இருக்கிற பழைய எண்ணெயை எல்லாம் நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக இதில் சமையுங்கள், அதுவும் குறைவாக ஊற்றுங்கள் என்று. உங்கம்மாவுக்கு அந்த ஒன்றுக்கு மட்டும் மனம் வரவில்லை. பிள்ளை கடல் தாண்டி அனுப்பியதை வடை சுடவா ஊற்றுவது என்று கேட்டாள். போத்தலைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் முகம் கழுவி விபூதி பூசி, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன்னால் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி, மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். அதற்குப் பிறகு வழக்கம்போல மூன்று கோதுமை மா ரொட்டி, கட்டைச் சம்பல். பொரிக்கிறது எல்லாம் உன் தம்பி ரஜீவ் எல்ல டவுனில் வேலை செய்கிற ஹோட்டலில் இருந்து கொண்டுவருகிற எண்ணெயில், வெள்ளைக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு பொரித்து மிஞ்சியது, கறுத்துப்போய் இருக்கும். நீ அனுப்பிய எண்ணெய் அதற்குப் பதிலாக வரவில்லை, அதற்கு மேலே வந்து சேர்ந்தது. போதாததற்கு நம் லயத்து வரிசையில் சீனி உள்ள நாலு வீட்டுக்கும் மருந்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தாள். துஷா அனுப்பிய மருந்து என்றுதான் இங்கே அதற்குப் பெயர்.

இனி கிளினிக் கதை. நீ ஊரில் இருந்தபோது உனக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். மாதம் ஒரு தடவை கிளினிக்கில் இரத்தம் எடுப்பார்கள், சீனி கூடியிருந்தால் டொக்டர் ஏசுவார் என்று நம் பொம்பிளைகளுக்குப் பயம். அதனால் கிளினிக் புதன்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இருந்து சோறு இல்லை, ரொட்டி இல்லை. சீனி போடாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணியும் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையும்தான். கீழ்ப்பிரிவு முழுக்க இப்படித்தான், கிளினிக் விரதம் என்று கேலி வேறு. அந்த மூன்று நாளும் வெறும் வயிற்றோடு மலையேறிக் கொழுந்து எடுப்பார்கள். புதன்கிழமை பார்த்தால் சீனி நூற்றுப் பதினெட்டு. டொக்டருக்குச் சந்தோஷம். திரும்பி வருகிற வழியிலேயே பெரகல சந்தியில் இறங்கிக் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிடுவார்கள், உங்கம்மாவும்தான், நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மற்ற இருபத்தேழு நாளும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நூற்றுப் பதினெட்டை உனக்கு முதல் தடவை போனில் வாசித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முந்திய கிழமைதான் நீ ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தாய், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவுக்கு ஒன்றுமே செய்ய முடியவில்லையே என்று. நான் நம்பரை வாசித்தேன். எண்ணெய் வேலை செய்யுதாப்பா என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாய். பட்டினி கிடந்த கதை எனக்குத் தெரியும். உங்கம்மா பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். உன் எண்ணெய்தான் மகளே என்று சொல்லிவிட்டேன். நீ சந்தோஷப்பட வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அடுத்த மாதமும் சொன்னேன். பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கம்மாவோ கொஞ்ச நாளில் அதை நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டாள். ராத்திரி மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, எண்ணெய்தான் பார்த்துக்கொள்கிறதே என்று அதை நிறுத்தினாள். இன்சுலின் ஊசி தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டொக்டரும் புத்தகத்தில் இருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் போகட்டும் என்றார். அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை, அந்த நம்பரைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

போன ஐப்பசி மழையில் மலையெல்லாம் அட்டை. உனக்குத்தான் தெரியுமே, உங்கம்மாவை அட்டை கடித்தால் இரண்டு நாள் சொறிந்து வீட்டையே எழுப்பிவிடுவாள். இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. மாலையில் சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே இரத்தமாக இருக்கும், கால் விரல் இடுக்கில் அட்டை தொங்கும், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அதில் ஒரு பெருமை கண்டுபிடித்தாள். "புள்ள அனுப்புன எண்ணெய் தோல உரமாக்கிருச்சுங்க, அட்ட கடிச்சாக்கூட உறைக்கல" என்று என்னிடம் சொன்னாள், பெரட்டுக்களத்தில் மற்றப் பொம்பிளைகளுக்கும் சொன்னாள். நானும் சரிதான் என்று தலையாட்டினேன். சீனி நரம்பைத் தின்றுவிட்டதால்தான் கால் மரத்துப்போயிற்று என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சின்ன விரலுக்கும் அடுத்ததற்கும் இடையில் கடித்த ஒரு இடம் ஆறவில்லை. அதற்கு அவள் மஞ்சளை அந்த எண்ணெயிலேயே குழைத்துப் பூசினாள், பூசிக்கொண்டு மழையில் கொழுந்துக்குப் போனாள். முப்பது வருஷம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து பதம் வந்ததை மூக்காலேயே சொன்னவன் நான். என் காம்பராவுக்குள் வந்த வாடையை, எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே தேடினேன் துஷா. மூன்றாம் நாள்தான் அவள் காலைத் துணியால் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

ரஜீவுக்குச் சொல்லி அனுப்பி, திரிவீலில் ஏற்றிப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதோடு நிற்கும் என்றுதான் இருந்தோம். நிற்கவில்லை. டிசம்பர் பதினோராம் திகதி முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு உங்கம்மாவின் இடது காலை எடுத்துவிட்டார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன். இதை உனக்கு இப்படி எழுதுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. அவள்தான் யாரும் உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடமும் ரஜீவிடமும் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள், சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று. மார்கழி முழுக்க அம்மா நிரஞ்சலா சின்னம்மா வீட்டில் இருக்கிறாள், மண்சரிவில் வீடு இழந்த மீரியபெத்த ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பக்கம் சிக்னல் இல்லை என்று நாங்கள் சொன்னோமே, அவள் அப்போது ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் போனை அவள் முகத்துக்கு நேரே நான்தான் தூக்கிப் பிடிப்பேன். அம்மா ஏன் எப்பவும் உட்கார்ந்தே இருக்கா என்று நீ ஒரு நாள் கேட்டபோது, வேலைக்குப் போன களைப்பு என்றேன். சொல்லிக்கொண்டே போனை அவள் முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

வாட்டில் ஜெனீரா என்று ஒரு சின்ன வயது டொக்டர், தமிழில் நன்றாகப் பேசுவார். மூன்று மாதத்துச் சீனியை ஒரே தடவையில் காட்டுகிற சோதனை இருக்கிறதாம், அதைச் செய்துவிட்டு, கிளினிக் புத்தகத்தில் இவ்வளவு நன்றாக இருக்கிறது, இரத்தம் வேறு கதை சொல்கிறதே, எப்படி என்று கேட்டார். நான் பட்டினிக் கதையைச் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன். அவர் ஏசவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். எனக்கு அது ஏச்சை விட வலித்தது. பிறகு எண்ணெயைப் பற்றிக் கேட்டேன், நேராகவே கேட்டேன், என் மகள் அனுப்பிய எண்ணெயால் கால் போய்விட்டதா என்று. இல்லை என்றார். இதை நீ இரண்டு தடவை படி மகளே, உன் எண்ணெயால் அம்மாவின் கால் போகவில்லை. தவிட்டு எண்ணெய், சோள எண்ணெய் இவற்றை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம். மற்ற எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றினால் சில பேருக்குக் கொழுப்பும் கொஞ்சம் குறைகிறது, இன்சுலினும் கொஞ்சம் நன்றாக வேலை செய்கிறது, சில பேருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, இன்னும் முடிவாகச் சொல்ல முடியாது என்றார். நல்ல எண்ணெய்தான், ஆனாலும் எண்ணெய், இரண்டு கரண்டி குடித்தால் இரண்டு கரண்டிக் கொழுப்பு உடம்பில் சேரும், மாத்திரை செய்கிற வேலையை அது செய்யாது என்றார்.

உடம்பு இன்சுலினுக்கு மசிவதில்லை என்றால் என்ன என்றும் கேட்டேன், உனக்கும் அதைத்தானே சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்னதை நான் எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். பெரட்டுக்களத்தில் கங்காணி நின்று ஆட்களை மலைக்குப் போகச் சொல்கிறார், ஒருவரும் அசைவதில்லை. அவர் இன்னும் சத்தமாகக் கத்துகிறார், ஒன்றிரண்டு பேர் எழும்புகிறார்கள். தினமும் இப்படிக் கத்தினால் கடைசியில் கங்காணிக்குத் தொண்டை கட்டிப்போகும், பிறகு கூப்பிடவே ஆள் இல்லை. இன்சுலினும் அப்படித்தானாம். உனக்கு இப்போது கங்காணி கத்திக்கொண்டுதான் இருக்கிறார், தொண்டை இன்னும் கட்டவில்லை. அதற்குள் மாத்திரையும் நடையும் சாப்பாட்டில் கட்டுப்பாடும் இருந்தால் ஆட்களைத் திரும்ப எழுப்பலாம் என்று டொக்டர் சொன்னார். உங்கம்மாவுக்கு அந்த நேரம் இருந்தது, நாங்கள் அதை வீணாக்கிவிட்டோம். உனக்கு இன்னும் இருக்கிறது.

போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு, அவளுக்குமா என்று ஒரு வார்த்தை சொன்னாள் உங்கம்மா. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நீ அனுப்பியதில் இரண்டு போத்தல் உடைக்காமல் இருந்தது, அதை எடுத்துத் தரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பின்னேரம் என்னைக் கூப்பிட்டு உனக்கு எழுதச் சொன்னாள். நான் முடியாது என்றேன். கால் விஷயத்தை விட்டுவிடுவோம், சீனி இப்போது கூடிவிட்டது என்று மட்டும் எழுதுவோம், பிள்ளை தாங்க மாட்டாள் என்றேன். உண்மையைச் சொன்னால் பயந்தது உனக்காக மட்டும் இல்லை. இவ்வளவு காலமும் அப்பா பொய் சொன்னார் என்று நீ நினைக்கப்போகிறாயே என்று எனக்காகவும்தான் பயந்தேன். அவள் விடவில்லை. "காலப் பத்தியும் எழுதுங்க. அத மறைச்சா புள்ளைக்கு எண்ணெய்தான் நெசம்னு படும்" என்றாள். நாலாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள் சொன்னது இது. மன்னித்துக்கொள் மகளே. அப்பா உன் மனம் குளிரட்டும் என்று சொன்ன பொய் இப்போது உன் அலுமாரிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

லயத்தில் அந்த நாலு வீட்டுக்கும் நானே போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டில் கேட்டார்கள், ஒரு வீட்டில் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள், நாலாவது வீட்டு வேலாயி அழுதாள், அவளுக்கும் கால் மரத்திருக்கிறதாம். அடுத்த கிளினிக்குக்கு அவளை நானே கூட்டிப் போகிறேன், பட்டினி போடாமல். ரஜீவ் இப்போது ஹோட்டல் எண்ணெய் கொண்டுவருவதில்லை. இருந்த இரண்டு போத்தலில் ஒன்றை உடைத்து நீ அன்று சொன்னபடி, ஒரு நாளைக்கு வீட்டுக்கே இரண்டு கரண்டி என்று அளந்து சமைக்கிறோம். உங்கம்மாவுக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, நான்தான் போட்டுவிடுகிறேன், கை பழகிவிட்டது. வெட்டிய இடம் ஆறிவிட்டது. செயற்கைக் கால் போட வைகாசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நீ பதறிக்கொண்டு டிக்கட் போட வேண்டாம், உன் லீவு வரும்போது வந்தால் போதும். இனி எண்ணெய் அனுப்ப வேண்டாம், நீ அங்கே அதில் சமைத்துக்கொள், குறைவாக ஊற்று, குடிக்காதே. கேண்டீனில் மிஞ்சுகிற பரோட்டாவை வீணாகிறதே என்று தின்னாதே, வேலை முடிந்து கொஞ்சம் நட, சப்பாத்துப் போட்டு நட, படுக்கும் முன்னால் உள்ளங்காலைத் திருப்பிப் பார். டொக்டரிடம் போவதற்கு முந்திய நாட்களிலும் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடு, பட்டினி கிடந்து போகாதே. நம்பர் கூடியிருந்தால் கூடியிருக்கட்டும், அவர் ஏசட்டும்.

மாரியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், உன் கால் பட்ட இடமெல்லாம் நல்லதாக இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவள் சொல்வதை அவள் வாயால் சொன்னபடியே எழுதச் சொல்கிறாள். "அழக் கூடாதுன்னு எழுதாதீங்க, அழட்டும், அம்மா காலுக்கு அவ அழாம யாரு அழுவா. அழுது முடிச்சு மொகத்தக் கழுவிட்டு, அந்தத் தண்ணியிலயே ஒரு வாய் எடுத்து மாத்திரையப் போடச் சொல்லுங்க."

இப்படிக்கு,
உன் அப்பா முருகையா,
அம்மா விஜயலெட்சுமி.